பெரலின் அடியில் விட்ட ஒரு பிடி

வாழைப்பழத்தை ஜெகதீஸ்வரி உரிப்பதில்லை, திறப்பார். காம்பிலிருந்து நுனிவரை பெருவிரல் நகத்தால் ஒரே கோடு. பிறகு தோலை இரண்டு பக்கமும் விரித்துத் தட்டோடு படிய வைத்து, உள்ளே கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், அடுக்குமாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறம் இருந்து இதைக் காலைதோறும் பார்க்க விதிக்கப்பட்டவர் அவருடைய தமையன் சிவபாதசுந்தரம்.

"ஜெகா, அது வாழைப்பழம். எலியின்ர குடல் இல்லை."

"ரெண்டும் ஒரு மாதிரித்தான் அண்ணை. இது கொஞ்சம் நேராக் கிடக்கு."

சிவபாதசுந்தரம் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். காலையில் புட்டும் சம்பலும் நிம்மதியாக உள்ளே போனால் போதும், வேறு ஆசை இல்லாதவர்.

குடலைத் திறப்பது ஜெகதீஸ்வரியின் தொழில். நகரத்து எலிகளின் வயிற்றில் என்னென்ன புழுக்கள் குடியிருக்கின்றன, அவற்றில் எவை மனிதரிடம் வந்து சேரக்கூடும் என்று தேடும் ஆய்வுகூடம் ஒன்றில் நீண்டகாலமாகத் தொழில்நுட்பவியலாளர். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைச் சரக்குக் கிட்டங்கிகளிலும் பேலியகொடை மீன்சந்தைப் பக்கமும் கூண்டு வைத்துப் பிடிக்கும் எலிகள் கடைசியில் அவருடைய மேசைக்கு வரும். குடலை உப்புத் தண்ணீரில் நீளமாகத் திறந்து, மெல்லிய வலையில் அலசி, மிஞ்சுவதைத் தூரிகையால் தொட்டுக் கண்ணாடித் துண்டில் ஏற்றுவார். வேலை செய்யும்போது மெல்லிதாக ஏதோ முணுமுணுப்பார். அது பாட்டு என்று அவர் சொல்கிறார்.

எலிகளை அவர் மரியாதையாகத்தான் பேசுவார். "இவர் பேலியகொடைக்காரர், பாருங்கோ, வயித்துக்குள்ள மீன் செதில். இவா பருப்புக் கிட்டங்கி. நல்ல வசதியா இருந்திருக்கிறா." எந்த மூட்டையைக் கடித்த எலி என்று வயிற்றைப் பார்த்துச் சொல்வது அவருக்கு ஒரு விளையாட்டு. பாதித் தடவை பிழையாகிப் போகும். பிழையானதைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

இந்த வேலை அவருக்குக் கொடுத்த வாழ்க்கை விதி சிறியது. தோல் உள்ளதைச் சாப்பிடு. இல்லையென்றால் கொதித்ததைச் சாப்பிடு. இரண்டும் இல்லையென்றால், செய்யும்போது நீயே பார்த்ததைச் சாப்பிடு. கல்யாண வீடுகளில் பந்தியில் அமர்ந்து, சலாத்தை இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, வாழைப்பழத்தைத் திறந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணை நீங்கள் வெள்ளவத்தைப் பக்கம் கண்டிருந்தால், அது அவராக இருக்கலாம்.

புழுக்களைப் பற்றிப் பேசும்போது அவருடைய முகம் மலர்ந்துவிடும். அருவருப்பு என்று ஒன்று அவரிடம் இருந்திருந்தால் எப்போதோ கழுவுண்டு போயிருக்கும். அருவருப்பு இல்லாதவருக்கு அது மற்றவர்களிடம் இருப்பதும் மறந்துவிடுகிறது. இதை நல்ல குணம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மாடி வீடுகளில் உள்ள பிள்ளைகள் அவரை 'எலி அன்ரி' என்று கூப்பிடுவார்கள். பெரியவர்கள் அவருக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுவார்கள்.

ருக்கியாவை அவர் அறிந்ததும் எலியால்தான். கொட்டாஞ்சேனையில் கிட்டங்கி ஒன்றின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், மஹ்ரூப் என்ற த்ரீவீல் ஓட்டுநரோடு குடித்தனம் நடத்துகிறவர் ருக்கியா. கூண்டு வைக்க இடம் கேட்டுப் போனபோது வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"எங்கட ஊட்ல எலி இல்ல மிஸ். பக்கத்து ஊட்ல வைங்க. அவங்கட ஊட்ல நல்லா ஈக்கி."

பக்கத்து வீட்டிலும் இதே பதில், விரல் மட்டும் எதிர்த் திசையில். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே படிக்கட்டில் கூண்டை வைத்துவிட்டு வந்தார் ஜெகதீஸ்வரி. மறுநாள் கூண்டுக்குள் கொழுத்த எலி ஒன்று இருந்தது. அது மற்ற வீட்டு விருந்தாளி என்று இரு தரப்பும் சத்தியம் செய்தன.

ஆனால் அன்று அந்த வீட்டிலிருந்து வந்த வாசம் ஜெகதீஸ்வரியைப் பிடித்து நிறுத்தியது. ருக்கியா வீட்டில் சத்துமா செய்து விற்கிறவர். குரக்கன், பயறு, உளுந்து, சோயா, கச்சான் கடலை எல்லாம் தனித்தனியாகப் பெரிய தாச்சியில் வறுபடும். ஜெகதீஸ்வரி உள்ளே போய் ஒரு முக்காலியில் இருந்து வறுப்பதைப் பார்த்தார். இன்னொரு நாள் வந்து, மில்லில் அரைபட்டு வந்த மாவை ருக்கியா அரிதட்டில் அரிப்பதைப் பார்த்தார். கண்ணால் பார்த்ததைச் சாப்பிடலாம் அல்லவா. அங்கேயே ஒரு கரண்டி மாவைச் சீனியோடு குழைத்துச் சாப்பிட்டார். ஆய்வுகூடத்தில் யாரும் இதை நம்பவில்லை.

அதற்குப் பிறகு சத்துமாவுக்கு அவரைப் போல் ஒரு விற்பனைக்காரர் கிடைப்பது அரிது. "நான் பாத்தனான், நல்ல துப்பரவு" என்று அவர் சொன்னால் வெள்ளவத்தை மாடிகளில் அதற்கு மேல் பேச்சில்லை. மஹ்ரூபின் த்ரீவீல் மாவுப் பைகளோடு வாராவாரம் வரத் தொடங்கியது. ருக்கியா புதிதாக ஒரு தாச்சி வாங்கினார்.

மேல்மாடிச் சின்னப் பெண் மிதுனாவுக்கு நாலு வயது. அடிக்கடி வயிற்றுக்குத்து, சோற்றைக் கண்டால் அழுகை. மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டார் டொக்டர். கட்டடத்திலேயே ஆள் இருக்கும்போது வேறெங்கும் போவானேன் என்று, தாய் சின்னப் போத்தலைக் கொண்டுவந்து ஜெகதீஸ்வரியிடம் கொடுத்துவிட்டார்.

மத்தியான இடைவேளையில் அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தவர் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் இருந்தவர்கள் ஏதோ கண்ணாடி வெட்டிவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

"வந்து பாருங்கோ! என்ன வடிவு!"

வட்டமாக, தேன் நிறத்தில் ஒரு முட்டை. உள்ளே மிகச் சிறிய கொக்கிகளோடு புழுவின் கரு. எலி நாடாப்புழு. எலிகளில் அவர் தினமும் பார்ப்பதுதான். மனிதரில் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

அன்று மாலை லிப்டுக்குள் மிதுனாவின் தாயைக் கண்டதும் அவரால் அடக்க முடியவில்லை. லிப்டில் வேறு இரண்டு பெண்களும் மரக்கறிப் பைகளோடு நின்றார்கள்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை, ஒண்டும் பெரிசா இல்லை. எலியின்ர நாடாப்புழு. மனுசரில காணவே கிடைக்காது. உங்கட மகள் விசேஷமான ஆள்!"

தாயின் முகம் வெளுத்தது. மரக்கறிப் பைகள் இரண்டும் ஓர் அங்குலம் பின்வாங்கின.

"எலி கடிச்சதோ அன்ரி?"

"சீச்சீ, கடியால வராது. எலி புழுக்கை போடும். அதை மா வண்டு தின்னும். அந்த வண்டை ஆரும் தெரியாமல் மாவோட முழுங்கினால் வயித்துக்குள்ள புழு வளரும். குளிசை குடுத்தால் போயிடும். அது சரி, பச்சையா என்ன மா சாப்பிடுறவா?"

"நீங்கள் சொல்லி வாங்கின சத்துமாதான் அன்ரி. ரின்னுக்குள்ள கரண்டியை விட்டு அப்பிடியே அள்ளிச் சாப்பிடுவாள்."

லிப்ட் நின்றது. கதவு திறந்தது. ஜெகதீஸ்வரியின் மாடிதான். அவர் இறங்கவில்லை.

மிதுனாவுக்கு டொக்டர் குளிசை கொடுத்தார், குணமாகிவிட்டது. கட்டடத்துக்கு அப்படிச் சுகமான வைத்தியம் இல்லை. மாடிக்காரர்களின் வட்சப் குழுவில் மறுநாள் காலைக்குள் அதற்கு 'எலி மா' என்று பெயர் வைத்தாகிவிட்டது. யாரோ ஒரு தாச்சியின் படத்துக்குள் எலியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். சிவபாதசுந்தரம் அதைத் தங்கைக்குக் காட்டினார்.

"வாய், ஜெகா. உன்ர வாய்."

ஜெகதீஸ்வரி மேல்மாடிக்குப் போய் அந்த மா ரின்னை வாங்கிக்கொண்டு வந்தார். அரித்தபோது செம்பழுப்பாகச் சில வண்டுகள் அகப்பட்டன. அவற்றை ஆய்வுகூடத்தில் ஊசி முனையால் திறந்து பார்த்தார். ஒன்றுக்குள் புழுவின் குஞ்சு சுருண்டு கிடந்தது. இந்த முறை அவர் யாரையும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனார். அதற்கு முன்பே மஹ்ரூப் விற்காத பைகளோடு திரும்பியிருந்தார். ருக்கியா "வாங்க" என்று சொல்லவில்லை.

"என்ன மிஸ், எலி புடிக்க வந்தீங்களா, என்னப் புடிக்க வந்தீங்களா?"

"மாவைப் பாக்க வந்தனான்."

"நான் எலிய வறுத்து அரைக்கிறேனாம். ஃபோன்ல படம் போட்டு ஈக்காங்க. இவரு கேட்ல நிண்டு பெல் அடிச்சாக்கூட ஒருத்தரும் எறங்கி வரல்லயாம்."

"படம் போட்டது பிழை. ஆனா வண்டு இருந்தது ருக்கியா. அதுக்குள்ள புழுவும் இருந்தது. நான் கண்டனான்."

"வறுக்கிறத நீங்கதான் பாத்தீங்க. அரிக்கிறத நீங்கதான் பாத்தீங்க!"

"ஓம். அதுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்யிறனீங்கள் எண்டு நான் பாக்கேல்லை. பாத்தமாதிரிச் சொல்லித் திரிஞ்சனான். அது என்ர பிழை. லிப்டுக்குள்ள வாயைத் திறந்ததும் என்ர பிழை."

இப்படி ஒருவர் தன் பிழையை வாசலில் வைத்தே சொல்லிவிட்டால், திட்டத் தயாராக நின்றவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ருக்கியா விலகி வழிவிட்டார்.

அரித்த மாவை அவர் கொட்டி வைப்பது மாடிப்படியின் கீழ் நிற்கும் பெரல் என்ற பெரிய நீலப் பீப்பாயில். பெரலிலிருந்து நேரே பைகளுக்குப் போகும். மூடியின் விளிம்பில் ஓர் ஓட்டை, அதில் ஒரு துணி திணித்திருந்தது.

"இது என்ன ஓட்டை?"

"இவரு கை தவறிப் போட்டது."

வாசலில் நின்ற மஹ்ரூபுக்குப் பொறுக்கவில்லை. "நான் எப்பப் போட்ட? அது எலி கடிச்ச..." என்று தொடங்கியவர், மனைவியின் பார்வையைக் கண்டதும் மிச்சத்தை விழுங்கிவிட்டு, த்ரீவீலின் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

ஜெகதீஸ்வரி டோர்ச் அடித்துப் பெரலுக்குள் எட்டிப் பார்த்தார். மேலே இருந்த மா நல்ல நிறம். ஓரமாகத் தள்ளியபோது அடியில் ஒரு கறுத்த படை தெரிந்தது.

"இதைக் கடைசியா எப்ப காலியாக்கினீங்கள்?"

கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டதுபோல் ருக்கியா அவரைப் பார்த்தார்.

"காலியாக்குறதா? மாவுப் பெரல யாராச்சும் காலியாக்குவாங்களா மிஸ்? அடியில ஒரு புடி எப்பவும் விடணும். பரக்கத்துக்கு, அள்ள அள்ளக் கொறயாம ஈக்க. புது மாவு அதுக்கு மேலதான் விழணும். நான் தொழில் தொடங்கின மொத மாவு இன்னும் அடியில ஈக்கி." கடைசி வசனத்தைச் சொல்லும்போது அந்தக் கோபத்துக்குள்ளும் அவருடைய குரலில் ஒரு பெருமை இருந்தது.

ஜெகதீஸ்வரியிடம் பதில் தயாராகத்தான் இருந்தது. மிச்சம் விட்ட பிடி வண்டுக்கு வீடு. புது மா வரும்போதெல்லாம் வண்டுக்கு விருந்து. பெரலைச் சுற்றிக் கொட்டுண்ட மாவுக்கு எலி வரும், எலி விட்டுப்போனதை வண்டு தின்னும், தின்ற வண்டு மூடியின் ஓட்டையால் வீடு திரும்பும். இவ்வளவும் சொல்ல வாயைத் திறந்தவருக்கு, வெள்ளவத்தை வீட்டு அரிசி வாளி நினைவுக்கு வந்தது. அந்த வாளியின் அடியை அவரும் சுரண்டுவதில்லை. கடைசிச் சுண்டு அரிசி கிடக்கும்போதே புதுப் பையை வெட்டிக் கொட்டிவிடுவார். ஏன் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. எலியின் குடலைத் திறக்கத் தெரிந்த கை, அரிசி வாளிக்குள் வேறு யாருடையதோ போல நடந்துகொள்கிறது. மனிதருக்குள் இப்படி இரண்டு அறைகள் இருக்கின்றன. நடுவில் கதவு இருப்பது யாராவது தட்டும்போதுதான் தெரிகிறது.

அவர் பிரசங்கம் செய்யவில்லை. பத்திரிகைத் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, கையுறையை மாட்டிக்கொண்டு, அடி மாவில் கொஞ்சம் அள்ளிப் பரப்பினார். மா சும்மா கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கங்கே அசையத் தொடங்கியது.

"அல்லாஹ்வே!" என்றார் ருக்கியா. குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "மிதுனா புள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"சுகம். நேத்துப் படியில ஓடித் திரிஞ்சவா."

"எல்லாத்தயும் கொட்டுறன் மிஸ். ஒரு புடிய மட்டும் விடுங்க."

"ருக்கியா, அந்த ஒரு பிடிக்குள்ளதான் எல்லாரும் குடியிருக்கினம்."

"அரிச்சி எடுக்கிறன்."

"வண்டின்ர முட்டை அரிதட்டால கீழ போயிடும்."

"திரும்ப வறுக்கிறன்."

"வறுத்த வண்டு விக்கப்போறியளோ?"

வாசலில் மஹ்ரூப் சிரித்துவிட்டார். ருக்கியா சிரிக்கவில்லை. எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகி, பெரலைத் தன் கையாலேயே சரித்தார். முதல் மா கடைசியாக விழுந்தது. அதன் மேல் கொதித்த தண்ணீரை ஊற்றியவரும் அவர்தான். வேறு யாரையும் ஊற்ற விடவில்லை.

பெரலை மஹ்ரூப் குழாயடியில் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். பிறகு இரும்பு வளையம் போட்டு இறுக்கும் மூடி ஒன்று வாங்கிவரப் புறப்பட்டார். அதற்குள் ஜெகதீஸ்வரி ருக்கியாவின் முன்னாலேயே தொலைபேசியை எடுத்து மாடிக்காரர்களின் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "ஜெகா கதைக்கிறன். மாவில எலி இல்லை, வண்டு இருந்தது. பெரல் கழுவியாச்சு. திங்கள் அரைக்கிற மாவை வறுப்பில இருந்து பையில கட்டுற வரைக்கும் நான் கூட இருந்து பாப்பன். துப்பரவு எண்டு முதல் சொன்னது நான். முழுக்கப் பாக்காமல் சொன்னனான். ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ, ருக்கியாவை வேண்டாம்."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று நீலக் குறிகள் வந்தன. பதில் ஒன்றும் வரவில்லை.

வெயில் சரியத் தொடங்கியபோது பெரலைத் திரும்ப மாடிப்படியின் கீழ் வைத்தார்கள். புது மூடி கச்சிதமாகப் பொருந்தியது. ருக்கியா அதை இறுக்கினார், பிறகு கழற்றினார், உள்ளே பார்த்தார்.

"மில்லுக்குத் திங்கக்கெழமதான் போகணும். ரெண்டு ராவு இது வெறுமையா நிக்கும் மிஸ்." மூடியைப் படியில் வைத்தார். "ஓடர் ஒண்டும் இல்ல. பெரல்லயும் ஒண்டும் இல்ல. எனக்கு இதப் பாக்க ஏலா."

ஜெகதீஸ்வரி தெருவுக்கு இறங்கினார். மூலைக் கடையில் அவர் சிங்களத்தில் ஏதோ கேட்கும் சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பெக்கட் கல்லுப்பு.

"இதில வண்டு இருக்காது. எலியும் சீண்டாது," என்றபடி பெக்கட்டை அப்படியே பெரலுக்குள் வைக்கக் குனிந்தார்.

"பெக்கட்டோடயா போடுற? கையால அள்ளிப் போடணும் மிஸ்."

"அப்ப போடுங்கோவன்."

"நான் போட மாட்டன். என்ட கைராசிதான் பாத்தோமே. நீங்க போடுங்க."

"என்ர கை தினமும் எதைத் தொடுற கை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். கழுவிட்டு வாங்க."

ஜெகதீஸ்வரி குழாயடிக்குப் போனார். முழங்கைவரை சவர்க்காரம் போட்டார். விரலிடுக்குகளையும் நகக்கண்களையும் தேய்த்துக் கழுவினார். ருக்கியா நீட்டிய துவாயை வாங்காமல், ஈரம் காயும்வரை கைகளை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வலக்கையால் உப்பை ஒரு பிடி அள்ளி, தோளும் தலையும் உள்ளே போகும் அளவுக்குக் குனிந்து, பெரலின் அடியில் விரல்களைத் திறந்தார்.